அறியாத புரோகிராமுக்கு ஒரு வாடகை அறை

மும்பை சயான் பகுதியில் ஒரு சால் வீடு. 10 அடிக்கு 12 அடி அறை. இரவு 10 மணி.

அறையின் மூலையில் ஒரு டிரங்குப் பெட்டி. அதன் மேல் ஒரு லேப்டாப். அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து இருக்கிறார், ஒரு குமாஸ்தா.

கோட்டைப் பகுதியில் உள்ள ஒரு சரக்கு அலுவலகத்தில் அவருக்கு வேலை. 140 தொழிலாளர்களுக்குச் சம்பளப் பட்டியல் போடுவது அவருடைய பொறுப்பு. மாதக் கடைசி வந்து விட்டால் அவருக்கு 3 நாள் தூக்கம் கிடையாது. ஓவர்டைம் கணக்கு, பி.எப். பிடித்தம், முன்பணக் கழிவு என்று ஒன்று மாற்றி ஒன்று வரும்.

"இந்தக் கணக்கைப் போட ஒரு புரோகிராம் எழுதித் தா" என்று ஏ.ஐ.யிடம் கேட்கிறார். 1 நிமிடத்தில் 80 வரிப் புரோகிராம் வந்து விடுகிறது. அதை அப்படியே நகல் எடுத்து லேப்டாப்பில் போடுகிறார். பொத்தானை அழுத்தக் கை போகிறது.

சற்றுப் பொறுங்கள்!

இந்தக் குமாஸ்தா நாம் கற்பனை செய்து கொண்டவர்தான். ஆனால் அவரைப் போன்றவர்கள் இன்று மும்பையிலும், பெங்களூரிலும், டெல்லியிலும் இருக்கிறார்கள். பகலில் அலுவலக வேலை. இரவில் கம்ப்யூட்டர் பாடம். அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

யாருடைய அதிகாரம்?

அந்த லேப்டாப்பில் என்னென்ன இருக்கின்றன என்று பாருங்கள்.

140 தொழிலாளர்களின் பெயர், பேங்க் கணக்கு எண், ஆதார் எண் ஆகியவை இருக்கின்றன. ஊரில் உள்ள வீட்டுப் பத்திரத்தின் படம் இருக்கிறது. மகளின் பள்ளிச் சான்றிதழ் இருக்கிறது. பேங்க் பாஸ்வேர்டு, பிரவுசரில் சேமித்து வைக்கப்பட்டு இருக்கிறது.

ஒரு புரோகிராமை நீங்கள் இயக்கினால், அது உங்கள் பெயரில் இயங்குகிறது. நீங்கள் திறக்கக்கூடிய பைல்களை அதுவும் திறக்கும். நீங்கள் அழிக்கக்கூடியதை அதுவும் அழிக்கும். இண்டர்நெட் வழியாக நீங்கள் அனுப்பக்கூடியதை அதுவும் அனுப்பும். ஒவ்வொரு தடவையும் உங்களிடம் அனுமதி கேட்காது.

வீட்டுச் சாவிக்கொத்தை முன்பின் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, "உள்ளே போய் விளக்கை மட்டும் போட்டு விட்டு வா" என்று சொல்வது போன்றது இது. வந்தவர் நல்லவராக இருந்தால் விளக்கைப் போடுவார். இல்லாவிட்டால்?

"ஏ.ஐ.க்கு என் மீது என்ன விரோதம்?" என்று நீங்கள் கேட்கலாம். விரோதம் தேவை இல்லை. தவறு போதும். "பழைய பைல்களை நீக்கு" என்ற ஒரு வரியில் இடத்தின் பெயர் மாறினால், 5 வருடச் சம்பளக் கணக்கு ஒரு நொடியில் போய் விடும்.

நடந்த சம்பவங்கள்

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. மூன்று சம்பவங்களைச் சொல்கிறோம்.

பைத்தான் மொழியில் எழுதுகிறவர்கள், மற்றவர்கள் எழுதி வைத்த உதவிப் புரோகிராம்களைப் பொதுக் களஞ்சியத்தில் இருந்து எடுத்துப் பயன்படுத்துவது வழக்கம். எழுத்துகளுக்கு வண்ணம் கொடுக்கும் 'கலராமா' என்ற புரோகிராம் அங்கே மிகவும் பிரபலம். அதே பெயரில் ஒரு எழுத்தை மட்டும் கூட்டி, போலி ஒன்றைக் கொண்டு வந்து வைத்து இருந்தது 2018-ம் ஆண்டு தெரிய வந்தது. பெயரைத் தவறாகத் தட்டியவர்களின் கம்ப்யூட்டரில் அது புகுந்து கொண்டது. பிட்காயின் அனுப்புவதற்காக அவர்கள் நகல் எடுக்கும் முகவரியை, திருடனின் முகவரியாக மாற்றி விடுவதுதான் அதன் வேலை.

2022-ம் ஆண்டு மே மாதம் இன்னொரு சம்பவம். அதே களஞ்சியத்தில் 'சி.டி.எக்ஸ்.' என்ற பழைய புரோகிராம் ஒன்று இருந்தது. அதன் சொந்தக்காரர் பல ஆண்டுகளாக அதைத் தொடவில்லை. அவருடைய ஈமெயிலுக்கான இணைய முகவரியும் காலாவதி ஆகி இருந்தது. அந்த முகவரியை வேறு ஒருவர் வாங்கினார். அதை வைத்து புரோகிராமையும் தன் வசப்படுத்தினார். அதன் பிறகு அதை நிறுவியவர்களின் கம்ப்யூட்டரில் இருந்த ரகசியச் சாவிகள் வெளியே அனுப்பப்பட்டன. பெயரைச் சரியாகத் தட்டியவர்களும் ஏமாந்தார்கள்.

மூன்றாவது சம்பவம் 2025-ம் ஆண்டு ஜூலை மாதம் நடந்தது. அமெரிக்காவில் ஒரு தொழில் அதிபர், ஏ.ஐ. உதவியுடன் ஒரு மென்பொருளை உருவாக்கிக் கொண்டு இருந்தார். "என் அனுமதி இல்லாமல் எதையும் மாற்றாதே" என்று அதற்குச் சொல்லி இருந்தார். ஆனால் அந்த ஏ.ஐ., நடப்பில் இருந்த தகவல் களஞ்சியத்தையே அழித்து விட்டது. 1,200-க்கும் மேற்பட்ட நிர்வாகிகள் பற்றிய விவரங்கள் அதில் இருந்தன. நல்ல வேளையாகப் பிறகு அவை மீட்கப்பட்டன.

மூன்று சம்பவங்களிலும் காரணம் ஒன்றுதான். அறியாத புரோகிராமும், விலை உயர்ந்த பொருளும் ஒரே அறையில் இருந்தன.

மணல் பெட்டி

ஆகவே, அறியாத புரோகிராமுக்கு வேறு அறை கொடுங்கள்.

இதற்கு 'சாண்ட்பாக்ஸ்' என்று பெயர். அதாவது மணல் பெட்டி. குழந்தையை மணல் நிரப்பிய பெட்டியில் விட்டால் என்ன செய்யும்? தோண்டும், கட்டும், இடிக்கும். வீட்டுக்கு ஒரு சேதமும் இல்லை.

அது போல, கம்ப்யூட்டருக்குள் சுவர் எழுப்பி, அதற்குள் புரோகிராமை இயங்க விடுவதே சாண்ட்பாக்ஸ். இதை வீட்டில் உள்ள கம்ப்யூட்டரிலும் அமைக்கலாம். வேறு ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டரில் வாடகைக்கும் எடுக்கலாம். வாடகைக்கு எடுப்பதைத்தான் 'கிளவுடு சாண்ட்பாக்ஸ்' என்கிறார்கள். 'கிளவுடு' என்றால் மேகம். ஆனால் வானத்தில் ஒன்றும் இல்லை. எங்கோ ஒரு கட்டிடத்தில் வரிசையாக அடுக்கி இருக்கும் கம்ப்யூட்டர்கள்தான்.

வாடகை அறை கேட்ட உடனே திறக்கும். புரோகிராம் உள்ளே போய் இயங்கும். முடிவு மட்டும் உங்களிடம் திரும்பி வரும். அறை இடித்துத் தள்ளப்படும். உள்ளே புரோகிராம் எதை அழித்து இருந்தாலும் அது அந்த அறையோடு போகும்.

சால் வீடும் தனி வீடும்

எல்லா வாடகை அறையும் ஒன்று அல்ல. சுவரின் தரம் வேறுபடும். மும்பைவாசிகளுக்கு இதைப் புரிய வைப்பது எளிது.

சால் வீட்டை எடுத்துக் கொள்ளுங்கள். ஒவ்வொரு அறைக்கும் தனிக் கதவு, தனிப் பூட்டு. ஆனால் குழாய் ஒன்று. நடை ஒன்று. ஒருவர் குழாயைக் கெடுத்து விட்டால் எல்லோருக்கும் கஷ்டம். கம்ப்யூட்டரிலும் இப்படி ஒரு முறை உண்டு. அதன் பெயர் 'கன்டெய்னர்'. 2013-ம் ஆண்டு வெளிவந்த 'டாக்கர்' என்ற மென்பொருள் இதைப் பிரபலம் ஆக்கியது. ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனி அறை. ஆனால் 'கெர்னல்' எனப்படும் அடிப்படை நிர்வாகி எல்லோருக்கும் பொது. அந்தப் பொதுக் குழாயில் ஓட்டை இருந்தால், ஒரு அறையில் இருப்பவர் வெளியே வந்து விடலாம். கன்டெய்னர்களைத் திறந்து இயக்கும் 'ரன்-சி' என்ற மென்பொருளில் அப்படி ஒரு ஓட்டை இருப்பது 2019-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் வெளியே தெரிய வந்தது. உடனே திருத்தம் வெளியிட்டார்கள்.

இரண்டாவது முறை, குழாய் அருகில் காவல்காரரை நிறுத்துவது. குடித்தனக்காரர் யாரும் குழாயைத் தொடக்கூடாது. குடத்தைக் காவல்காரரிடம் கொடுக்க வேண்டும். அவர்தான் பிடித்துத் தருவார். 2018-ம் ஆண்டு கூகுள் வெளியிட்ட 'ஜி-வைசர்' இந்த வகை. புரோகிராம் கேட்கும் ஒவ்வொன்றையும் இடையில் நின்று இது வாங்கிக் கொள்கிறது. இதில் பாதுகாப்பு அதிகம். ஆனால் காவல்காரர் மூலமாகப் போவதால், சில வேலைகளில் வேகம் குறையும்.

மூன்றாவது முறை, தனி வீடு. தனிக் குழாய், தனித் தொட்டி. ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரு முழுக் கம்ப்யூட்டர் போன்ற பாவனை அமைக்கப்படுகிறது. அடிப்படை நிர்வாகியும் தனி. முன்பெல்லாம் இப்படி ஒன்றைத் திறக்க வெகு நேரம் ஆகும். 2018-ம் ஆண்டு அமேசான் 'பயர்கிராக்கர்' என்ற மென்பொருளை வெளியிட்டது. 'மைக்ரோ வி.எம்.' எனப்படும் சிறிய தனி வீட்டை இது 125 மில்லி வினாடியில் திறந்து விடும். அதாவது ஒரு நொடியில் எட்டில் ஒரு பங்கு. வீடு ஒன்றுக்கு இது எடுத்துக் கொள்ளும் கூடுதல் நினைவகம் 5 எம்.பி.க்கும் குறைவு. தனி வீட்டின் பாதுகாப்பு, சால் அறையின் வாடகைக்குக் கிடைக்க இதுவே வழி செய்தது.

தனி வீடு என்றால் முழுப் பத்திரமா? அப்படியும் சொல்வதற்கு இல்லை. எல்லா வீட்டுக்கும் அஸ்திவாரம் ஒன்றுதானே! 'மெல்ட்டவுன்', 'ஸ்பெக்டர்' என்ற இரண்டு குறைகள் 2018-ம் ஆண்டு ஜனவரி மாதம் அறிவிக்கப்பட்டன. அவை கம்ப்யூட்டரின் 'சிப்'பிலேயே இருந்தன. ஆகவேதான், பொறுப்பு உள்ள கம்பெனி அடிக்கடி பழுது பார்க்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும்.

வாடகைக்கு விடுபவர்கள்

'இ-2-பி' என்ற கம்பெனி, ஏ.ஐ. எழுதும் புரோகிராம்களை இயக்குவதற்கு என்றே சாண்ட்பாக்ஸ் கொடுக்கிறது. இது பயர்கிராக்கர் வகை. அதாவது தனி வீடு.

'மோடல்' என்ற கம்பெனியும் சாண்ட்பாக்ஸ் கொடுக்கிறது. இது ஜி-வைசர் வகை. காவல்காரர் உள்ள இடம்.

'வெர்செல்' கம்பெனி 2025-ம் ஆண்டு இந்தத் தொழிலில் இறங்கியது. இதுவும் பயர்கிராக்கரைத்தான் பயன்படுத்துகிறது.

கற்றுக் கொள்கிறவர்களுக்கு ஏற்றது, 'கிட்ஹப்' கொடுக்கும் 'கோட்ஸ்பேசஸ்'. ஒவ்வொரு இடமும் தனிக் கம்ப்யூட்டர் பாவனையில் அமைகிறது. பிரவுசரிலேயே வேலை செய்யலாம். தனி நபர்களுக்கு மாதம் 120 'கோர்' மணி நேரம் இலவசம். 2 கோர் உள்ள இடத்தை எடுத்தால் 60 மணி நேரம் வரும். தினமும் இரவு 2 மணி நேரம் படிக்கிறவருக்கு இது போதும். இது 2025-ம் ஆண்டு நிலவரம்.

இதற்கு எல்லாம் காசு செலவழிக்க மனம் இல்லையா? உங்கள் லேப்டாப்பில் விண்டோஸ் புரோ வகை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், 'விண்டோஸ் சாண்ட்பாக்ஸ்' என்ற வசதி அதிலேயே உண்டு. 2019-ம் ஆண்டு வந்தது. மூடியவுடன் உள்ளே இருந்தது எல்லாம் அழிந்து விடும். 'ஹோம்' வகை விண்டோசில் இந்த வசதி இல்லை.

கேட்க வேண்டிய கேள்விகள்

வீடு பார்க்கப் போகும்போது தண்ணீர் எப்போது வரும், டெபாசிட் எவ்வளவு என்று கேட்கிறோம் அல்லவா? இங்கேயும் கேட்க வேண்டும்.

1. சுவர் எப்படிப்பட்டது? கன்டெய்னரா, காவல்காரர் உள்ள முறையா, தனி வீடா? பதில் கம்பெனியின் விளக்கக் குறிப்பில் இருக்க வேண்டும். "மிகவும் பாதுகாப்பானது" என்று மட்டும் எழுதி இருந்தால் அது பதில் ஆகாது. நீங்களே எழுதிய புரோகிராமுக்குக் கன்டெய்னர் போதும். முன்பின் தெரியாதவர் எழுதியதற்கும், ஏ.ஐ. எழுதியதற்கும் மற்ற இரண்டில் ஒன்றே நல்லது.

2. வெளிக்கதவைப் பூட்ட முடியுமா? அதாவது, உள்ளே இருக்கும் புரோகிராம் இண்டர்நெட்டுக்குப் போவதைத் தடுக்க முடியுமா? இது மிக முக்கியம். இ-2-பி, மோடல் இரண்டிலும் வெளிக்கதவு சாதாரணமாகத் திறந்தே இருக்கும். அறையைத் திறக்கும்போதே "இணைப்பு வேண்டாம்" என்று ஒரு சொல் சேர்த்தால்தான் பூட்டும். சம்பளக் கணக்குப் போட இண்டர்நெட் எதற்கு? பூட்டி விடுங்கள்.

3. அறை தானாக எப்போது மூடும்? 2025-ம் ஆண்டு நிலவரப்படி இ-2-பி, மோடல் இரண்டிலும், நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் 5 நிமிடத்தில் மூடி விடும். வேண்டும் என்றால் நேரத்தைக் கூட்டிக் கொள்ளலாம். தானாக மூடாத இடத்தை எடுக்கவே வேண்டாம்.

4. மீட்டர் எப்படி ஓடுகிறது? நொடிக் கணக்கா, மணிக் கணக்கா? நிறுத்தி வைத்து இருக்கும்போது சேமிப்பு இடத்துக்குக் காசு உண்டா? கோட்ஸ்பேசசில் இடத்தை நிறுத்தினாலும், அழிக்கும் வரை சேமிப்புக் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

5. கட்டிடம் எந்த நாட்டில் இருக்கிறது? அமேசான் 2016-ம் ஆண்டு முதலே மும்பையில் கம்ப்யூட்டர் நிலையம் வைத்து இருக்கிறது. ஆனால் அதனால் உங்கள் அறை மும்பையில்தான் திறக்கும் என்று நினைத்து விடாதீர்கள். நீங்கள் எடுக்கும் கம்பெனி, அமெரிக்காவில் அறை திறக்கலாம். மற்றவர்களின் சொந்த விவரங்களைக் கையாள்வதற்கு இந்தியாவில் 2023-ம் ஆண்டு தனிச் சட்டம் நிறைவேற்றப்பட்டது என்பதையும் நினைவில் வையுங்கள்.

6. கம்பெனி மூடினால் என்ன செய்வது? பயர்கிராக்கர், ஜி-வைசர் இரண்டும் யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த மென்பொருள்கள்.  உங்கள் புரோகிராமின் ஒரு நகல் எப்போதும் உங்களிடம் இருக்கட்டும்.

பணம் கட்டும்போது

இலவசக் கணக்குக்கும் சில கம்பெனிகள் கிரெடிட் கார்டு நம்பர் கேட்கும். சந்தேகப்பட வேண்டாம். இலவச இடங்களில் கிரிப்டோ நாணயம் தயாரிக்கும் கூட்டம் நுழைந்ததால் வந்த வினை இது. 'கிட்லேப்' கம்பெனி 2021-ம் ஆண்டு மே மாதம் இதே காரணத்துக்காகக் கார்டு கேட்க ஆரம்பித்தது.

இந்தியக் கார்டுகளில் வெளிநாட்டுச் செலவு வசதியை நாமே பேங்க் செயலியில் திறந்தால்தான் வேலை செய்யும். ரிசர்வ் பேங்கின் இந்த உத்தரவு 2020-ம் ஆண்டு முதல் அமலில் இருக்கிறது. இதை ஒரு தொல்லையாக நினைக்காதீர்கள். நமக்கு அது ஒரு பாதுகாப்பு. அதே செயலியில் வெளிநாட்டுச் செலவுக்கு உச்சவரம்பு வையுங்கள். 500 ரூபாய் போதும்.

டாலர் விலையைப் பார்த்து ஏமாந்து விடாதீர்கள். அதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. வரலாம். பேங்கின் அன்னியச் செலாவணிக் கட்டணமும் உண்டு.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அறை வாடகை மணிக்கு 10 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். சம்பளப் புரோகிராம் இயங்க 1 நிமிடம் ஆகிறது. செலவு 17 பைசா. ஆனால் அறையை மூட மறந்து விட்டு ஊருக்குப் போய் விட்டீர்கள். 30 நாளுக்கு 720 மணி நேரம். பில் 7,200 ரூபாய்! புரோகிராம் அல்ல, மறதிதான் பணத்தைத் தின்னும்.

அமைக்கும் முறை

இப்போது நம் குமாஸ்தாவிடம் திரும்பி வருவோம். அவர் செய்ய வேண்டியது என்ன?

முதலில், தனி ஈமெயில் முகவரி ஒன்றைத் தொடங்கி, அதில் கணக்குத் திறக்க வேண்டும். பேங்குக்குக் கொடுத்த ஈமெயில் வேண்டாம். பாஸ்வேர்டுடன் இரண்டாவது சோதனையையும் சேர்த்து வைக்க வேண்டும்.

அடுத்து, கம்பெனி ஒரு ரகசியச் சாவி கொடுக்கும். நீண்ட எழுத்துத் தொடர் அது. அதை வைத்து இருப்பவர் உங்கள் கணக்கில் அறை எடுக்கலாம். பில் உங்களுக்கு வரும். ஆகவே அதைப் புரோகிராமுக்குள் எழுதி வைக்காதீர்கள். நண்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். முக்கியமாக, அந்தச் சாவியை வாடகை அறைக்குள் கொண்டு போகாதீர்கள். வெளியே தெரிந்து விட்டதாகச் சந்தேகம் வந்தால், உடனே அதை ரத்து செய்து புதுச் சாவி வாங்குங்கள்.

மூன்றாவதாக, கம்பெனியின் இணைப்புப் புரோகிராமை லேப்டாப்பில் நிறுவ வேண்டும். பெயரை எழுத்து எழுத்தாகச் சரி பாருங்கள். ஒரு எழுத்துக் கூடினால் என்ன ஆகும் என்பதை மேலே படித்தீர்கள்.

நான்காவதாக, அறையைத் திறக்கும்போது மூன்று நிபந்தனைகள் போடுங்கள். இண்டர்நெட் கிடையாது, 2 நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது, நினைவகம் இவ்வளவுதான். சில புரோகிராம்கள் தங்களையே நகல் எடுத்து, நகல்கள் மேலும் நகல் எடுத்து, கம்ப்யூட்டரைத் திணற அடித்து விடும். அளவு போட்டு வைத்தால் அந்த அறையோடு நின்று விடும்.

ஐந்தாவதாக, சோதனை. 140 பேரின் உண்மை விவரங்களை அனுப்பாதீர்கள். 3 பேருக்குப் பொய்ப் பட்டியல் ஒன்றைத் தயார் செய்யுங்கள். ஒருவருக்கு ஓவர்டைம் இல்லை. ஒருவருக்கு 10 மணி நேரம். ஒருவர் பாதி மாதம் லீவு. மூன்றையும் காகிதத்தில் கையால் கணக்குப் போட்டு வையுங்கள். பிறகு பட்டியலை அறைக்குள் அனுப்பி, விடை ஒத்து வருகிறதா என்று பாருங்கள்.

கடைசியாக, வேலை முடிந்ததும் அறையை மூடச் சொல்லுங்கள். மூடி விட்டதா என்று கணக்குப் பக்கத்தில் ஒரு தடவை பாருங்கள். வீட்டை விட்டுக் கிளம்பும்போது பூட்டை இழுத்துப் பார்ப்பது போல.

சாண்ட்பாக்ஸ் செய்யாதது

ஒன்றைத் தெளிவாகப் புரிந்து கொள்ள வேண்டும். சாண்ட்பாக்ஸ் உங்கள் லேப்டாப்பைக் காப்பாற்றும். கணக்கு சரியா, தப்பா என்று சொல்லாது.

ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் போட வேண்டிய இடத்தில் ஏ.ஐ. ஒற்றைச் சம்பளம் போட்டால், அறை அதையும் அமைதியாக இயக்கிக் கொடுக்கும். நஷ்டம் யாருக்கு? மாதம் முழுவதும் மூட்டை தூக்கிய ஒரு தொழிலாளிக்கு. ஊருக்கு மணியார்டர் போலக் காத்து இருக்கும் அந்தப் பணத்தில் 800 ரூபாய் குறைந்தால், அவர் யாரிடம் போய்க் கேட்பார்? பட்டியலில் கையெழுத்துப் போட்ட குமாஸ்தாவிடம்தான் வருவார். "கம்ப்யூட்டர் அப்படிப் போட்டு விட்டது" என்று சொன்னால் அவர் வீட்டில் அடுப்பு எரியாது. அதனால்தான் காகிதக் கணக்கை விட்டு விடாதீர்கள் என்கிறோம்.

அறையில் இருந்து திரும்பி வரும் பொருளையும் சோதியுங்கள். வெறும் எழுத்தும் எண்ணும் உள்ள பைலாகக் கேளுங்கள். அதற்குள்ளே ஒரு புரோகிராம் ஒளிந்து வரக்கூடிய பைல்களை, லேப்டாப்பில் கண்ணை மூடிக்கொண்டு திறக்காதீர்கள்.

இன்னொன்று. சோதனை முடிந்து, புரோகிராம் நன்றாக வேலை செய்கிறது. இனி உண்மைப் பட்டியலை அனுப்பலாமா?

உங்கள் இஷ்டப்படி அனுப்பக்கூடாது. அந்த 140 பெயர்களும் உங்கள் சொத்து அல்ல. மானேஜரிடமோ, அலுவலகக் கம்ப்யூட்டர் பிரிவிலோ எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். சொந்த லேப்டாப்பில் அந்தப் பட்டியலை வைத்து இருப்பதற்கும் அனுமதி உண்டா என்று கேட்டுக் கொள்ளுங்கள். நல்லது செய்யப் போய் வேலையை இழந்து விடக் கூடாது. அனுமதி இல்லை என்றால், சோதித்த புரோகிராமை அலுவலகத்தாரிடமே கொடுத்து விடுங்கள். அவர்கள் படித்துப் பார்த்து, அலுவலகக் கம்ப்யூட்டரிலேயே இயக்கிக் கொள்வார்கள். பெயர் உங்களுக்குத்தான்.

புது வித்தை அல்ல

சுவர் எழுப்பி இயக்கும் இந்த யோசனை நேற்று முளைத்தது அல்ல. 1979-ம் ஆண்டே 'யுனிக்ஸ்' கம்ப்யூட்டரில் 'சி.எச்.ரூட்' என்ற கட்டளை இருந்தது. ஒரு புரோகிராமின் பார்வையை ஒரு பகுதிக்குள் அடக்கி வைப்பது அதன் வேலை. 2000-ம் ஆண்டு 'பிரீ-பி.எஸ்.டி.'யில் 'ஜெயில்' என்ற பெயரிலேயே ஒரு வசதி வந்தது. அப்போது எல்லாம் இது பெரிய கம்ப்யூட்டர் நிலையங்களின் விவகாரம். தங்கள் கம்ப்யூட்டரில் பிறர் எழுதியதை இயக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்குத்தான் இருந்தது.

இன்று அந்தக் கட்டாயம் சயான் சால் வீட்டுக்கு வந்து இருக்கிறது. 80 வரியில் என்ன எழுதி இருக்கிறது என்று முழுவதும் படித்துப் பார்க்காமலே இயக்குகிற காலம் இது. இயக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மாதக் கடைசியில் 3 நாள் தூக்கத்தைத் திருப்பித் தருகிற வித்தையை யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

ஊரில் இருந்து புதிதாக யாராவது வந்தால் நாம் என்ன செய்கிறோம்? சாப்பாடு போடுகிறோம். படுக்க இடம் கொடுக்கிறோம். ஆனால் வந்த அன்றே அலமாரிச் சாவியைக் கொடுப்பது இல்லை. பழகிப் பார்க்கிறோம். அதே முறைதான் புரோகிராமுக்கும்.

முதல் இரவு வாடகை அறையில் தங்கட்டும்.